வியாழன் என்று எழுதப்பட்ட செவ்வாய்க்கிழமை

இக்குறிப்பை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் ஒரு தாளால் நேர்ந்தது. என் மகளின் மருத்துவக் கோப்பில் அது முதல் தாள். ‘குருதிப்போக்கு தொடங்கிய நாள்’ என்பதற்கு எதிரே ‘வியாழன், காலை ஆறரை மணி’ என்று அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது, திருத்தமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் இருக்கிறது. செய்தி பொய். பொய்யென்று அறியாமல்தான் எழுதினேன். அறிந்த பின்னரும் அத்தாளை மாற்றித் தரும்படி கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பார்த்த மருத்துவர் பலரும் அந்த வியாழக்கிழமையிலிருந்தே எண்ணத் தொடங்கினார்கள். வீட்டில் உண்மையான நாளை நேரில் அறிந்தவர்கள் ஐந்தாறு பேர். அவர்களுள் மூத்தோரில் நானும் ஒருவன். எனக்குப் பின் அந்தத் தாள் மட்டும் சான்றாக எஞ்சிவிடக் கூடாது.

தொண்ணூறுகளில் செங்கற்பட்டில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். மனைவி என் தாய்மாமன் மகள். அவளுடைய பிறந்தகம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலியை அடுத்த ஒரு சிற்றூர். கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே மணலில் நிற்கும் வீடு. எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஓராண்டு நிறைந்தபோது, வழக்கப்படி மனைவியின் தம்பி மடியில் உட்கார வைத்துக் காது குத்தினோம். ஊசியை எடுத்த பிறகு இரு மடல்களிலும் குருதி கசிந்தது. சிறிது நேரத்தில் நின்றுவிடும் என்றார் ஆசாரி. நான்காம் நாளும் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தோம்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் ஆய்வகம் ஆய்வகமாக அலைந்தோம். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொல்லியனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் மூக்கிலிருந்து குருதி கொட்டும். கடைசியாகச் சென்னையில் குருதி நோய்களையே பார்க்கும் ஒரு மூத்த பெண் மருத்துவரிடம் சென்றோம். அவர் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நமக்குத் தோல் கிழிந்தால் குருதியில் உள்ள தட்டணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு கிழிசலை அடைத்துவிடும். இவளுடைய தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவில்லை, ஆனால் பற்றிக்கொள்வதில்லை, ஒன்றையொன்று கடந்து போய்விடும் என்று விளக்கினார். மேலைநாட்டு மருத்துவர் ஒருவரின் பெயரால் வழங்கும் நோய் அது. நான் எனக்குள் அதைப் பற்றாக் குருதி என்று சொல்லிக்கொண்டேன். தாய், தந்தை இருவரிடமும் அதன் கூறு மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும் என்றும், உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் அதிகம் காண்பதாகவும் சொன்னார். எங்களைப் பார்த்து, என்ன உறவு என்று கேட்கவும் செய்தார்.

திரும்பி வரும் மின்தொடர்வண்டியில் தாம்பரம் வரை மனைவி குழந்தையின் காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “நம்ம ரெண்டு பேர்ல யார் மேல தப்பு?”

“இருவர் மேலும்” என்றேன். அவள் குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு சன்னலின் பக்கம் திரும்பினாள்.

அந்நோயுடன் வாழ்வது என்றால் வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் சந்தேகிப்பது. மேசையின் முனைகளுக்குத் துணி சுற்றினோம். பல் துலக்கும் தூரிகையை வெந்நீரில் ஊறவைத்து மென்மையாக்கிக் கொடுத்தோம். முறுக்கு, கரும்பு, கொய்யாக் காய் ஆகியவற்றுக்கு வீட்டுக்குள் இடமில்லை. ஈறு கிழிந்தால் இரண்டு நாள் வாய் முழுவதும் உப்புக் கரிக்கும். கடற்கரை ஊருக்குப் போனால் மீனைப் பிசைந்து, முள் தேடி, மறுபடியும் பிசைந்து, அவள் வாய்க்குப் போகும்போது அது மீனாகவே இருக்காது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் எல்லா வீட்டிலும் இருக்கும் சில மாத்திரைகள் அவளுக்கு நஞ்சு. முதல் பால்பல் விழுந்தபோது மூன்று நாள் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கில் வந்தால் தலையை முன்னே சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு நூறு வரை ஆறு முறை எண்ண வேண்டும் என்பதை நான்கு வயதிலேயே கற்றுக்கொண்டாள். ஒருமுறை பந்தியில் எல்லார் நடுவிலும் மூக்கைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தவளை, வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள் என்று யாரோ பாராட்டினார்கள்.

அவள் கைகளிலும் கால்களிலும் காரணமின்றி நீலத் திட்டுகள் தோன்றும், மஞ்சளாகும், மறையும். மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவற்றைப் பார்த்துவிட்டுத் தனியே அழைத்து, “வீட்டுல அப்பா அடிப்பாராம்மா?” என்று கேட்டிருக்கிறார். “எங்கப்பா அடிக்க மாட்டாரு டீச்சர். அவரு திட்டி முடிக்கவே அரைமணி நேரம் ஆவும்” என்றாளாம். ஆசிரியை இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல் அவள் சட்டையின் கையை முழங்கைக்குக் கீழே தைக்கச் சொன்னோம்.

ஒவ்வொரு குருதிப்போக்கையும் ஒரு சுவடியில் குறித்து வந்தேன். நாள், உடலில் இடம், தொடங்கிய நேரம், நின்ற நேரம், எதனால் நின்றது. மூக்கு, ஈறு, முழங்கால், நாக்கு என்று பகுத்து எழுதியிருந்தேன். அந்தச் சுவடியைப் பார்த்த சென்னை மருத்துவர், இத்தனை ஒழுங்காக எழுதி வரும் தந்தையைக் கண்டதில்லை என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. இன்று அப்பெருமையை நினைக்கவே கூசுகிறது. வரப்போவதென்று எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுக்கு அச்சுவடியில் ஒரு பக்கம்கூட நான் ஒதுக்கவில்லை.

அவளுக்குப் பத்து வயதானபோது மருத்துவர் அதை வெளிப்படையாகவே சொன்னார். மனைவி குழந்தையுடன் வெளியே இருந்தாள். அறையில் நான் மட்டும்.

“அவ வயசுக்கு வர்ற அன்னிக்கு, முதல் மணி நேரத்துலயே மாத்திரையைத் தொடங்கிடணும். அன்னிக்கே இங்க கூட்டிட்டு வந்துடணும். இவங்களுக்கு அது தானா நிக்காது. இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும். வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க சார். எல்லார்கிட்டயும்.”

அந்தக் கடைசிச் சொல்லை அவர் இருமுறை சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது. நான் செய்தது இது: மனைவியிடம் அன்று மாலை, அக்காலம் வரும்போது மிகுந்த விழிப்பு தேவை என்று மருத்துவர் அறிவுறுத்தியதாகச் சொன்னேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியின் வீட்டாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதை ஆண் வாய்விட்டுப் பேசுவது முறையன்று என்றே நான் வளர்க்கப்பட்டிருந்தேன். மனைவி தன் அக்காளிடம், அந்த நேரத்தில் கவனமாக இருக்கணுமாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மருத்துவர் வாயில் கட்டளையாக இருந்தது இரண்டு வாய் கடந்ததும் வெறும் அறிவுரையாகிவிட்டது.

மனைவியின் அக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயதில் கணவனை இழந்து பிறந்தகத்துக்கே திரும்பியவள். அந்த வீட்டையும் சவுக்குத் தோப்பையும் அவளே பார்த்துக்கொண்டாள். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டும் தம்பிக்கும், தாயில்லாத அவன் மகனுக்கும் அவளே சோறு வடித்துப் போட்டாள். என் மகள் மீது அவளுக்கு இருந்த அன்பில் குறை சொல்ல எவராலும் இயலாது. மீனில் முள் தேடியவள் பெரும்பாலும் அவளே.

தனக்குப் பன்னிரண்டு வயது முடிந்த கோடையில் மகள் பத்து நாள் அங்கே தங்கச் சென்றாள். நான் விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தேன். மனைவி என்னுடன் இருந்தாள். மகளின் பையில் மாத்திரைகளை வைத்து, மூக்குக்கு எத்தனை, ஈறுக்கு எத்தனை என்று எழுதிய சீட்டையும் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை தொலைபேசி ஒலித்தது. மனைவியின் தம்பி பேசினான்.

“மாமா, பாப்பா வயசுக்கு வந்துட்டா. காலைல ஆறரைக்காம். பெரியக்கா இப்பதான் சொல்லிச்சு. ரோகிணி நட்சத்திரமாம், ரொம்ப நல்ல நாளாம். நான் ஓலை வெட்டப் போய்க்கினு கீறேன். நீங்க அக்காவ இட்டுக்கினு கெளம்பி வாங்க.”

அவன் குரலில் மகிழ்ச்சி பொங்கியது. தொலைபேசியை வைத்துவிட்டு நான் உடனே செய்த முதல் செயல், சுவடியைத் திறந்து நாளையும் நேரத்தையும் எழுதியதுதான்.

திருக்கழுக்குன்றம் வழியாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்கட்டில் பச்சைத் தென்னோலைக் குடிசை எழும்பியிருந்தது. சடங்கு முடிந்து நீராட்டும்வரை பெண் அதற்குள் இருப்பாள், ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது, தந்தையும் ஆண்தான். ஓலைக்கு வெளியே நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். உடல் எப்படி இருக்கிறது என்று ஓலையைப் பார்த்துக் கேட்டேன். “நல்லாத்தான் இருக்கேன்பா” என்று உள்ளிருந்து பதில் வந்தது. குரல் சற்று இளைத்திருந்தது. நாணம் என்று எண்ணினேன்.

அன்றே சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நான் சொல்லாமல் இல்லை. முதல் நாளே பெண்ணை வாசல் தாண்ட விடுவதா என்று மூத்தவள் மறுத்தாள். மனைவி உள்ளே சென்று பார்த்துவிட்டு, போக்கு கொஞ்சமாகத்தான் இருப்பதாகச் சொன்னாள், மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது. முதல் நாள்தானே, மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இணங்கினேன். மருத்துவரின் கட்டளையைத் தெரிந்தே மீறினேன். இதில் மற்றவர்மேல் பழி இல்லை. துணி மாற்றித் தரும் பணியை மூத்தவள் தானே ஏற்றுக்கொண்டிருந்தாள். விடியும் முன் மண்வெட்டியுடன் தோப்புக்குள் போய்த் திரும்புவாள். வழக்கமாகத் துணிகளைப் புதைப்பதுதான் என்று என் மனைவி எண்ணிக்கொண்டாள். எத்தனை புதைக்கப்பட்டன என்று எவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை உளுந்தங்களியை வாங்க எழுந்து நின்ற மகள் அப்படியே சரிந்தாள். வழக்கத்தை மறந்து குடிசைக்குள் புகுந்தேன். பச்சை ஓலை வழியே வந்த வெளிச்சத்தில் அவள் முகத்தின் நிறம் எனக்கு விளங்கவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் பார்த்தபோது அவளுடைய உதடுகள் எங்கே முடிகின்றன, தோல் எங்கே தொடங்குகிறது என்பது தெரியவில்லை.

சென்னைச் சாலையை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பல இடங்களில் பெயர்த்துப் போட்டிருந்தது. ஆகவே வேனை உள்நாட்டுப் பக்கம் திருப்பி, செங்கற்பட்டில் எங்களுக்குப் பழக்கமான ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவர் இளையவர், பொறுமையானவர். நோயைப் பற்றி நான் சொன்னதை முழுமையாகக் கேட்டார். எப்போது தொடங்கியது என்றார். சேர்க்கைத் தாளை நீட்டினார். நான் சுவடியைப் பார்த்து அந்த வரியை எழுதினேன். எனக்குப் பின்னால் மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மருத்துவர் என்னை அழைத்தார். குருதியின் செம்மையைக் காட்டும் அளவு அவளுக்கு எப்போதும் பத்தை ஒட்டி இருக்கும். அது நான்கில் நின்றது. இரண்டு நாளில், அதுவும் கொஞ்சமாகப் போனதாகச் சொல்லப்படும் குருதியால், அளவு இத்தனை இறங்காது என்றார். வெளியே தெரிவது கொஞ்சம் என்றால், மற்றது உள்ளே எங்கோ கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். வயிற்றை அழுத்தினால் வலிக்கிறது என்கிறாள், நிழற்படத்தில் கருப்பைக்கு அருகே கட்டிபோல் ஒன்று தெரிகிறது, தெளிவாக இல்லை. இந்த வேகத்தில் போனால் மாலைவரை தாங்காது. வயிற்றைத் திறந்து, கசியும் இடத்தைக் கண்டு கட்டுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

அவர் கணக்கில் பிழை இல்லை. நான் கொடுத்த நாள்தான் பிழை. ஆனால் அதை அறியாத நான், ஊசித் துளைக்கு நான்கு நாள் கசிந்த உடலைக் கத்தியால் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அது எனக்கும் தெரியும் சார். திறந்தாலும் கஷ்டம், திறக்கலன்னாலும் கஷ்டம். நீங்க கையெழுத்து போட்டாதான் நான் ஏற்பாடு பண்ண முடியும்.”

இசைவுத் தாளை எடுத்துக்கொண்டு மகளின் கட்டிலருகே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கையெழுத்திடும் முன் அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் சுவரை ஒட்டி நின்றாள். மகள் கண் திறந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“வயித்த வெட்டுவாங்களாப்பா?”

வெட்ட வேண்டியிருக்கலாம் என்றேன். இரண்டே நாளில் இவ்வளவு குருதி போனதற்கு வேறு காரணம் தெரியவில்லை என்று, ஒரு மாணவனுக்கு விளக்குவதுபோல் விளக்கினேன். அவள் தன் பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு நாள் இல்லப்பா. செவ்வாக்கிழமை. செவ்வாக்கிழமை காலைல இருந்து. சொல்லக் கூடாதுன்னு பெரியம்மா சத்தியம் வாங்கிட்டாங்க.”

மனைவியின் கை மகளின் பாதத்தின்மேல் அப்படியே நின்றது. பிறகு மூத்தவள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“நான் செவ்வாக்கெழம வயசுக்கு வந்தவ தம்பி. பரணி நட்சத்திரம். என் கதி இன்னா ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். இவளும் அதே கெழம, அதே பரணி. என் வூட்டுல, என் கண்ணு முன்னாடி. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? கட்டினாலும் அவன் இருப்பானா? ரெண்டு நாள் வாய மூடிக்கினு இருந்தா ரோகிணி வந்துடும்னு பார்த்தேன். வேற ஒண்ணும் நெனைக்கல.”

மீதியை மகள் சொன்னாள். செவ்வாயன்றே பையிலிருந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறாள். இது மூக்கில் வரும் ரத்தம் அல்ல, கெட்ட ரத்தம், நிறுத்தக் கூடாது, போகிறவரை போகட்டும் என்று பெரியம்மா தடுத்துவிட்டாள். சீட்டில் மூக்குக்கும் ஈறுக்கும்தானே எழுதியிருந்தது. நான் வந்த வியாழனுக்குள் தோப்பில் எத்தனை துணிகள் புதைந்தன என்று மனைவி தன் அக்காளைக் கேட்டாள். எண்ணவில்லை என்றாள் அவள். குழியை மூன்று முறை தோண்டினேன் என்று மட்டும் சொன்னாள்.

நான் ஓடினேன் என்று சொல்ல வேண்டும். மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்து நாள் என்றேன். நிறையப் போயிருக்கிறது, மறைத்துவிட்டார்கள் என்றேன். அவர் குழாயை மூடாமலே கையைத் துடைத்தார். பிறகு நிழற்படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே தேடிய குருதியெல்லாம் வெளியே போயிருக்கிறது என்றால், அந்தக் கட்டி கருப்பையிலேயே உறைந்து தேங்கியதாக இருக்கலாம். வலியும் அதனாலேயே இருக்கலாம். இசைவுத் தாளை என் கையிலிருந்து வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு நாள்ல என்ன வந்துடப் போவுதுன்னு நினைச்சிருப்பாங்க சார். இன்னும் ஒரு மணி நேரத்துல நான் வெட்டியிருப்பேன்.”

குருதி ஏற்றினார்கள், போக்கை அடக்கும் இயக்குநீர் ஊசியைத் தொடங்கினார்கள். ஆனால் அது பயன் தர ஒன்றிரண்டு நாளாகும்; அதுவரை பிறர் உடலின் தட்டணுக்கள் தேவை. அந்நாளில் எங்கள் ஊரில் தட்டணுக்களைத் தனியே பிரித்துத் தரும் வசதி இல்லை. மகளின் தாய்மாமன் வேனை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பறந்தான். அவனோடு வேன் ஓட்டும் நண்பர்கள் நால்வர் ஈடாகத் தம் குருதியைக் கொடுக்கப் போனார்கள். பிரியாணி வாங்கிக் கொடுத்தால்தான் கையை நீட்டுவேன் என்று ஒருவன் வழியெல்லாம் கலாட்டா செய்தானாம். ஊசியைக் கண்டதும் முதலில் மயங்கி விழுந்தவனும் அவனே. மாமன் செங்கற்பட்டுச் சந்தையில் மீன் வியாபாரி ஒருவரிடமிருந்து பனிக்கட்டிப் பெட்டி வாங்கிப் போயிருந்தான். குருதி வங்கிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, “இது மீன் இல்லண்ணா, ஐஸ்ல வெச்சா அவ்ளோதான்” என்று சொல்லி, தட்டணுக்களைக் குளிரவிடாமல், மெல்ல அசைத்துக்கொண்டே கொண்டு போக வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். அவன் வண்டியை நண்பனிடம் கொடுத்துவிட்டு, வெளிர்மஞ்சள் நிறத்தில் இருந்த அந்தப் பைகளை மடியில் கிடத்தி, செங்கற்பட்டு வரும்வரை தாலாட்டிக்கொண்டே வந்தான்.

அடுத்த மூன்று நாளும் அவன் மறுபடி மறுபடி போய் வந்தான். இருபதுக்கு மேற்பட்டவர்களின் தட்டணுக்கள் அவளுக்குள் சென்றன. செவ்வாய் மாலை போக்கு குறைந்தது, புதனன்று நின்றது. பிழைத்துவிட்டாள் என்று மருத்துவர் சொன்னபோது மனைவி அழவில்லை. மூத்தவள்தான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். மனைவி அவளருகே போய் உட்காரவில்லை.

இரண்டு மாதம் கழித்து நீராட்டு விழா நடந்தது. ரோகிணியையும் வியாழனையும் கொண்டு பூப்புச் சாதகம் கணிக்கப்பட்டது. நான் அந்த அவையில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இனி என்ன கெடப்போகிறது என்று நினைத்தேன்.

கெட்டது என்ன என்பது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மகளுக்குப் பதினெட்டு வயதில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. சென்னையில், முன்னேற்பாடாகத் தட்டணுக்கள் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது, ஏற்றியவை ஏறத்தாழ எதுவும் மிஞ்சவில்லை. பழைய பெண் மருத்துவர் அப்போது முதுமையடைந்திருந்தார். கோப்பைத் தம் மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அன்றைக்கு ஏறிய இத்தனை பேருடைய தட்டணுக்களையும் அயல் பொருள் என்று அவள் உடல் கற்றுக்கொண்டுவிட்டது. இனி வருபவற்றைக் கண்டவுடன் அழித்துவிடும் என்றார். பிறகு முதல் தாளுக்குத் திரும்பி வந்து கேட்டார்:

“வியாழக்கிழமை தொடங்கியிருக்கு, மாத்திரையும் அன்னிக்கே கொடுத்திருக்கீங்க. அப்புறம் ஏன் இத்தனை பை தேவைப்பட்டுச்சு? எனக்கு இது புரியவே இல்லையே.”

நான் சொன்னேன். அவர் கோப்பை மூடினார். முதல் நாளே மாத்திரை தொடங்கி அழைத்து வந்திருந்தால் தட்டணுக்களே தேவைப்பட்டிருக்காதோ என்று நானே கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, அப்படி நடந்திருக்கவும் கூடும் என்றார். இனித் தட்டணுக்களுக்கு மாற்றாக வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் ஊசி மருந்து இருக்கிறது. கிடைக்கிற இடத்தில், கிடைக்கிற நேரத்தில் இருந்தால் பயன் தரும். விபத்தோ, அறுவையோ, மகப்பேறோ அதற்காகக் காத்திருக்குமா என்பதை அவர் சொல்லவில்லை. பல்லை எடுக்கவில்லை. அது இன்றும் அவள் வாயில் இருக்கிறது. அவ்வப்போது கன்னம் வீங்கும்.

தாய்மாமனின் மகனுக்கு அவளைக் கொடுப்பது என்று சிறுவயதிலிருந்தே பேச்சு. அதை முறித்தவன் அந்தத் தாய்மாமனே. “என் புள்ளைக்குள்ளயும் அதே ரத்தம்தான் ஓடுது மாமா. நான் பையத் தூக்கிக்கினு ஓடினது போதும். வேணாம்” என்றான். வெளியிலிருந்து வந்த வரன்களுக்கு மகள் தானே எல்லாவற்றையும் சொன்னாள். நோயைப் பற்றிச் சொன்னதற்குத் தயங்கியவர்கள் இருந்தார்கள். செவ்வாய் என்றதற்கு எழுந்து போனவர்களும் இருந்தார்கள். மூத்தவள் இப்போதும் அதே வீட்டில் இருக்கிறாள். எங்களைக் கண்டால் மகளின் நலம் கேட்பாள். பதில் வரும்வரை முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளை வெறுக்க முயன்று பார்த்தேன். அவள் மறைத்தது இரண்டு நாள். நான் சொல்லாமல் இருந்ததோ இரண்டு ஆண்டுகளுக்கு மேல்.

மகள் இப்போது பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி அலுவலகத்தில் பணிபுரிகிறாள். மாத்திரைகளைக் கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அந்நாள்களைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த நாள் வந்ததும் அவள் தாயை அழைப்பதில்லை, என்னை அழைக்கிறாள். கல்லூரியில் இருந்தாலும் கடைவீதியில் இருந்தாலும் எடுத்துவிடுவேன். “அப்பா, ஆரம்பிச்சிடுச்சு. காலைல ஒம்பது பத்துக்கு” என்பாள். எவ்வளவு என்று கேட்பேன், சொல்வாள். இருவரும் நாணுவதில்லை. அதன்பின் ஏழு நாள் நான் வெளியூர் செல்வதில்லை. நான்காம் நாள்வரை அவள் குரலில் சிரிப்பு இருக்கும். ஐந்தாம் நாள் தொலைபேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

இதை நினைவிலிருந்தும் என் சுவடியிலிருந்தும் எழுதினேன். அச்சுவடி எத்தகையது என்பதைச் சொல்லிவிட்டேன். நோயின் இயல்பைப் பற்றி நான் கூறியதில் மருத்துவம் அறிந்தவர்கள் குறை காணக்கூடும். மணிகளிலும் நாள்களின் வரிசையிலும் என் உறவினர்களுக்கு வேறு நினைவு இருக்கக்கூடும். பிழை கண்டவர்கள் என் வயதுக்கு மரியாதையாக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.